வேன் லைட்டில் ஒட்டிய பொட்டு

ஒரே வேனின் இரண்டு முன் லைட்டுகளில் இடது பக்கத்து லைட்டு மட்டும் ஏன் அதிகமாக மஞ்சளாகிறது? இந்தக் கேள்வியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. இரண்டும் ஒரே இடத்தில் செய்யப்பட்டவை. ஒரே மழையில் நனைந்தவை, ஒரே தூசியைத் தின்றவை. ஆனாலும் வலது பக்கம் லேசாகப் புகை படிந்தது போல இருக்க, இடது பக்கம் வெந்தயம் ஊறிய தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது.

எங்களுடையது பழைய ஜப்பான் வேன். என் வீட்டுக்காரர் அதில் தோட்டத்துப் பிள்ளைகளை ஹட்டனில் உள்ள பாடசாலைகளுக்கு ஏற்றிப் போகிறார், மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். நான் வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். மெஷின் ஜன்னலோரம், ஜன்னலுக்கு வெளியே வேன். தைத்துக்கொண்டே நிமிர்ந்தால் அந்த இரண்டு லைட்டுகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு விஷயம் கண்ணில் பட்டு, அது ஏன் அப்படி என்று தெரியாவிட்டால், எனக்குச் சோறு இறங்காது. சின்ன வயதில் இதற்காகவே நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

விடை கடைசியில் என் ஜன்னல் திரையிலேயே கிடைத்தது. திரையைத் துவைப்பதற்காகக் கழற்றியபோது, ஒரு பக்க மடிப்பு மட்டும் வெளுத்துப் போயிருந்ததைப் பார்த்தேன். காலை வெயில் விழும் பக்கம் அது. வெளியே போய் வேனைப் பார்த்தேன். எப்போதும் ஒரே இடத்தில், ஒரே திசையில்தான் நிற்கிறது. வலது பக்கத்தைச் சவுக்கு மரம் மறைக்கிறது. இடது பக்கம் மட்டும் மத்தியானம் வரைக்கும் வெயில் காய்கிறது. நம்முடையது குளிர் ஊர்தானே, இங்கே வெயில் என்ன செய்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். உடம்புக்குச் சுடவில்லை என்பதற்காக வெயில் தன் வேலையைச் செய்யாமல் இருப்பதில்லை.

இதை நான் பெருமையாக வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் தேநீரை ஊதிக்கொண்டே, "சரி, இப்ப அத தெரிஞ்சி என்னா செய்யப் போற?" என்றார்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நேரம் மழைக் காலத்தோடு வந்தது. காலையில் அவர் புறப்படும்போது வெளிச்சம் சரியாக வந்திருக்காது, மலை முழுக்க மூட்டம் இறங்கியிருக்கும். கொஞ்ச நாளாகவே, "லைட்டு எட்ட மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். புது பல்பு போட்டார். அப்படியும் எட்டவில்லை. ஒருநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தவர், செருப்பைக் கழற்றாமலேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பெரட்டுக்குப் போற பொம்பள ஒருத்தவங்க ரோட்டோரமா வந்திருக்காங்க. இடுப்புல கறுப்புப் படங்கு கட்டியிருந்தாங்க. கிட்ட வந்தப்பறந்தான் தெரிஞ்சிச்சி. பிரேக் அடிச்சேன். பிள்ளைங்க எல்லாம் முன் சீட்டுல மோதிக்கிச்சிங்க."

"யாருக்காவது அடியா?"

"இல்ல. அந்த அம்மாவும் ஒதுங்கிட்டாங்க." குனிந்து செருப்பைக் கழற்றினார். "அந்தப் பிள்ளைங்கள்ல ஒன்னுக்கு ஏதாவது ஆச்சின்னா, நா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இந்தத் தோட்டத்துல இருக்கிறது?"

காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பார்கள். அதற்காக அந்த நேரத்தில் ரோடு முழுக்கப் பெண்கள் நடந்து போவார்கள். பாதிப் பேர் அந்தப் பிள்ளைகளின் அம்மாமார்தான். இனி இந்த லைட்டை ஒரு கை பார்ப்பது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். கராஜில் கேட்டதற்கு, இரண்டையும் மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். அந்த மாடல் வேனுக்கு லைட்டு தேடுவது குதிரைக் கொம்பு. எனவே போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினேன். மங்கிய லைட்டை வீட்டிலேயே தேய்த்துத் தெளிவாக்கும் வீடியோக்கள் எத்தனையோ இருந்தன. எல்லா ஆட்களும் நல்ல வெயிலில், கையில்லாத பனியன் போட்டுக்கொண்டு சிரித்தபடி தேய்த்தார்கள். எங்கள் ஊரில் அப்படி நின்றால் சாயங்காலம் நெஞ்சுச் சளிதான்.

தேய்ப்பதற்கு முன்னால் எனக்கு ஓர் அளவு தேவைப்பட்டது. முன்பு எவ்வளவு தூரம் தெரிந்தது என்று தெரியாமல், பிறகு எவ்வளவு கூடியது என்று எப்படிச் சொல்வது? உடம்பை அளக்காமல் துணியில் கத்தரி வைப்போமா? எங்கள் வீட்டு வாசலிலிருந்து ரோடு நேராகக் கீழே இறங்குகிறது. பாதி வழியில் ஒரு மதகு. அதற்கும் கீழே, ரோடு திரும்பும் இடத்தில், தண்ணீர் பிடிக்கும் பீலி. மூட்டமான ஒரு சாயங்காலம் வேனை வாசலில் நிறுத்தி, என் வீட்டுக்காரரைச் சீட்டில் உட்கார வைத்து லைட்டைப் போடச் சொன்னேன். கொழுந்தெடுக்கிற பெண்கள் நனையாமல் இருக்கக் கட்டும் கறுப்புப் படங்கை நானும் இடுப்பில் கட்டிக்கொண்டு பீலிக்குப் போனேன். அங்கிருந்து வேனை நோக்கி நடந்து வருவேன், நான் கண்ணில் பட்ட உடனே அவர் ஹோன் அடிக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

"ஒனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டார். ஆனாலும் உட்கார்ந்தார்.

பீலியிலிருந்து நடந்தேன். ஹோன் இல்லை. மதகு வந்தது, ஹோன் இல்லை. இந்த மனுசன் தூங்கிவிட்டாரோ என்று நினைத்தபோது, மதகையும் தாண்டி வேனை நெருங்கும் நேரத்தில் ஹோன் அடித்தது. அந்த இடத்தில் ரோட்டோரமாக ஒரு பாதிச் செங்கல்லை வைத்தேன். வேனுக்கும் அந்தச் செங்கல்லுக்கும் இடையில் இருந்த தூரத்தை இரண்டு தடவை காலடி வைத்து அளந்து பார்த்தேன். இவ்வளவு பக்கத்தில்தான் ஓர் ஆள் தெரியுமென்றால், இத்தனை நாளும் சாமி புண்ணியத்தில்தான் வேன் ஓடியிருக்கிறது.

முதலில் பல் துலக்கும் பேஸ்ட். வீடியோவில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள். தடவித் துணியால் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது. எனக்கு ஒரே சந்தோசம், அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு மழை பெய்ததும் பழைய குருடி கதவைத் திறடி என்று மஞ்சள் திரும்பிவிட்டது. ஏன் என்று யோசித்தேன். பேஸ்ட் மேலே இருந்த அழுக்கை மட்டும் எடுத்திருக்கிறது. மங்கலுக்குக் காரணம் அழுக்கு இல்லை. லைட்டின் மேல் கம்பெனியில் பூசி அனுப்பும் ஒரு மெல்லிய பூச்சு உண்டாம். வெயில் அதைத் தின்று தின்று, அது செத்த தோலாக மேலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தோலை உரித்து எடுத்தாக வேண்டும்.

அதற்கு வாட்டர் பேப்பர் வேண்டும். தண்ணீர் விட்டுத் தேய்க்கும் கடதாசி அது. சொரசொரப்பானதில் தொடங்கி, போகப் போக நைசானதற்கு வர வேண்டும். ஹட்டன் கடையில், "சுவருக்கா, பலகைக்கா?" என்று கேட்டார்கள். வேன் லைட்டுக்கு என்றதும் கடைக்காரர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "லைட்ட போய் கீறப் போறீங்களாம்மா?" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான், ஆனால் முகத்தில் காட்டவில்லை. கடைசியில் மேலே அடிக்கும் கிளியர் லெக்கர் என்ற நிறமில்லாப் பூச்சு டப்பா அங்கே இல்லை. அதை என் வீட்டுக்காரர் ஒரு ஹயர் ஓட்டம் போனபோது கினிகத்தேனையில், வாகனத்துக்குப் பெயின்ட் விற்கும் ஒரு கடையில் வாங்கி வந்தார்.

வெயில் அடித்த ஒரு வெள்ளிக்கிழமை, பாடசாலை லீவு. வேன் பெயின்ட் கெடாமல் லைட்டைச் சுற்றி டேப் ஒட்டினேன். சொரசொரப்புக் கடதாசியை நனைத்து இடது லைட்டில் வைத்துத் தேய்த்தேன். வடிந்த தண்ணீர் இலேசான பிளேன்டீ நிறத்தில் இருந்தது. அந்த மஞ்சள் கையோடு கழன்று வருவதைப் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. ஆனால் துடைத்துவிட்டுப் பார்த்தால், லைட்டு வெள்ளை வெளேரென்று ஆகியிருந்தது. குளியலறை ஜன்னலுக்குப் போடுகிற கண்ணாடி மாதிரி, ஒன்றுமே உள்ளே தெரியவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இருந்த வெளிச்சத்தையும் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பயத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். உடனே உள்ளே பல்பு வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. தண்ணீர் வடிந்து காய்ந்தது. மறுபடியும் வெள்ளை.

வேலையை விட்டுவிட்டு இதையே திரும்பத் திரும்பச் செய்தேன். ஊற்றினால் தெளிவு, காய்ந்தால் வெள்ளை. அண்ணி வாசலில் நின்று, "லைட்டுக்கு என்னா அபிசேகமா நடக்குது?" என்று கேட்டார்.

அண்ணி என்பது என் வீட்டுக்காரரின் அக்கா. எங்களோடுதான் இருக்கிறார். கொழுந்தெடுத்துப் பென்சன் வாங்கியவர். வீட்டில் சாமி காரியம் முழுக்க அவர் பொறுப்பு. வேனுக்கு டயர் மாற்றினாலும் சரி, பிரேக் பார்த்தாலும் சரி, அண்ணி இரண்டு லைட்டுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் தேசிக்காய் வைக்காமல் வேன் ஓர் அடி நகராது. பெரிய ரிப்பேர் என்றால் சூடமும் கொளுத்துவார்.

தண்ணீர் விசயத்தை யோசித்து யோசித்து இப்படித்தான் புரிந்துகொண்டேன். மங்கல் என்பது லைட்டுக்குள்ளே இருக்கும் ஏதோ ஒரு பொருள் இல்லை. மேலே உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான். வெளிச்சம் நேராகப் போகாமல் ஒவ்வொரு கீறலிலும் திரும்பிச் சிதறுகிறது. தண்ணீர் அந்தக் கீறல்களில் நிறைந்து மட்டமாக்கிவிடுவதால் வெளிச்சம் நேராகப் போகிறது. அப்படியென்றால் நான் செய்ய வேண்டியது பெரிய கீறலைச் சின்னக் கீறலாக்குவது, சின்னதை இன்னும் சின்னதாக்குவது, கடைசியில் தண்ணீர் செய்வதைக் காயாத ஒன்றால் செய்வது. அதுதான் லெக்கர். இது விளங்கியதும் எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அண்ணியிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சோறு வடிச்சாச்சா?" என்றார்.

நைசான கடதாசிக்கு வந்தபோது தேய்க்கும் சத்தமே மாறிவிட்டது. கரகரப்பு போய், துணியைத் தடவும் சத்தம். இடது முடித்து வலதுக்குப் போனேன். கழுவி, காயவைத்து, இடதுக்கு முதலில் லெக்கர் அடித்தேன், பிறகு வலதுக்கு. மூட்டம் இறங்குவதற்குள் காய்ந்துவிட வேண்டும் என்று மலையையும் லைட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரக் காற்று பட்டால் லெக்கர் பால் மாதிரி ஆகிவிடும் என்று டப்பாவிலேயே படம் போட்டிருந்தது. மூட்டம் வரவில்லை. இரண்டும் தண்ணீர்ச் சொட்டு மாதிரி மின்னின. நிம்மதியாக உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது இரண்டு லைட்டிலும் பொட்டு.

அண்ணி கோயிலிலிருந்து வந்திருந்தார். வேலை முடிந்தது என்று பார்த்தார், வெள்ளிக்கிழமை, கையில் சந்தனமும் குங்குமமும். அவர் வைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சக்கரத்தடியில் தேசிக்காயும் தயாராக இருந்தது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"அண்ணி, அது காயலையே. தொடாதீங்கன்னு சொல்லலாம்னா நா உள்ள போயிட்டேன்."

"ஈரமாவா இருந்திச்சி? கையில ஒன்னும் ஒட்டலயே. பளபளன்னு இருந்திச்சி, காஞ்சிருச்சின்னு நெனச்சேன்."

இடது பக்கம் முதலில் அடித்தது என்பதால் ஓரளவு காய்ந்திருந்தது, பொட்டு துடைத்ததும் வந்துவிட்டது. வலது பக்கம் குங்குமம் லெக்கருக்குள்ளேயே இறங்கிவிட்டது. துடைக்கப் போனால் முழுக்கக் கலங்கும். மறுபடியும் முதலிலிருந்து தேய்க்க வேண்டும், லெக்கரும் டப்பாவில் இல்லை. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்க, அண்ணி மெதுவாக, "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். சாமி காரியந்தானே" என்றார். அவருடைய முகம் வாடிப் போயிருந்தது. எனக்கும் பாவமாகிவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். லைட்டின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். "நல்லா வழவழன்னு வந்திருக்கு" என்றார். பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவை நான் ஏதாவது சொல்லிவிடக் கூடாது என்று நாசூக்காக விடுகிறார் என்று நினைத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே அவர் அப்படித்தான், காது கேட்காதவர் மாதிரி இருந்துகொள்வார்.

பொட்டு நிழல் ரோட்டில் விழுமோ என்பது என் அடுத்த கவலை. இருட்டத் தொடங்கியதும் வேனை வீட்டுச் சுவருக்கு எதிரே நிறுத்தி லைட்டைப் போடச் சொன்னேன். சுவரில் எங்கே நிழல் விழுகிறது என்று தையல் சோக்கை வைத்துக்கொண்டு தேடினேன். இல்லவே இல்லை. லைட்டுக்கு முன்னால் போய்க் குனிந்து பார்த்தால் பொட்டு கறுப்பாகத் தெரிகிறது. சுவரில் அதற்கு அடையாளமே இல்லை. விரலைப் பொட்டின் மேல் வைத்துப் பார்த்தேன், விரலுக்கும் நிழல் இல்லை. ஒரு பல்பின் வெளிச்சம் பின்னால் உள்ள கிண்ணத்தில் பட்டுப் பல பக்கமிருந்தும் வருகிறது போல. ஒரு பக்கம் மறைத்தால் மறு பக்கத்து வெளிச்சம் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. அண்ணியின் பொட்டால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்று உள்ளே போய்ச் சொன்னேன். "நா அப்பவே சொன்னேனே" என்றார்.

மழை அத்தோடு நின்றுவிட்டது. வாரக்கணக்கில் வெயில். பாடசாலை தொடங்கி, வேன் போய் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் பொட்டை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். "அன்ட்டி, வேனுக்கு ஒத்தப் பொட்டு வச்சிருக்கு" என்று ஒரு சின்னப் பெண் என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். சட்டை தைக்க வருகிறவர்கள் எல்லாம் பொட்டைக் கேலி செய்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் தினமும் காலையில் துணியை எடுத்து இரண்டு லைட்டையும் சுற்றிச் சுற்றித் துடைத்துவிட்டுப் புறப்படுவார்.

செங்கல் இன்னும் ரோட்டோரத்தில் இருந்தது. மூட்டம் வராமல் என் பரீட்சையை முடிக்க முடியாது. மழைக்காக இவ்வளவு ஆசையாக நான் காத்திருந்தது அந்த ஒரு தடவைதான்.

ஒருநாள் மத்தியானத்திலிருந்தே தூறல். சாயங்காலம் மூட்டம் இறங்கியது, ஆனால் முன்பு அளந்த நாளைவிடக் குறைவுதான். எனவே ஹோன் பீலிக்குப் பக்கத்திலேயே அடித்துவிடும் என்று எதிர்பார்த்தேன். படங்கைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். லைட்டு இரண்டும் மூட்டத்துக்குள் இரண்டு வெள்ளைக் கம்பு மாதிரி நீண்டு வந்தன. எனக்கே கண் கூசியது. அண்ணியை வேறு கூப்பிட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன், என் வெற்றியைப் பார்க்கட்டும் என்று.

நடந்தேன். ஹோன் அடிக்கவில்லை. மதகு வந்தது. அடிக்கவில்லை. என் நிழல் எனக்குப் பின்னால் நீளமாக விழுந்துகொண்டிருந்தது. செங்கல்லுக்குப் பக்கத்தில் என் கால் வந்தபோது ஹோன் அடித்தது.

அதே செங்கல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை தேய்ப்பும் வீணா? லைட்டு பளிச்சென்று இருப்பது என் கண்ணுக்கு மட்டுமா? வேனிடம் போய்க் கோபமாக, "நீங்க இறங்குங்க. நீங்க போய் அங்கேருந்து நடந்து வாங்க. நா உக்காந்து பாக்குறேன்" என்றேன். அவர் இறங்கினார். படங்கை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு இறக்கத்தில் நடந்தார்.

நான் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஹோனில் கையை வைத்துக்கொண்டு முன்னே பார்த்தேன். ரோடு தெரிந்தது. மதகின் கல் தெரிந்தது. அதற்கும் அப்பால் பீலித் தண்ணீர் விழுவது மின்னியது. பீலிக்குப் பக்கத்தில் அவர் திரும்பி நிற்பதும், படங்கை இழுத்துச் சரிசெய்வதும் தெரிந்தது. இன்னும் அவர் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. ஹோனை அழுத்தினேன்.

அவர் அங்கேயே நின்றுவிட்டார். "நா இன்னும் நடக்கவே இல்லயே" என்று கத்தினார்.

"நீங்க தெரியிறீங்க" என்று நானும் கத்தினேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விசயம் விளங்கிவிட்டது. அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். வெகுநேரம் பீலிக்குப் பக்கத்திலேயே நின்றார். பிறகு மெதுவாக ஏறி வந்தார். லைட்டு வெளிச்சம் முழுக்க அவர் முகத்தில் விழுந்தது, அவர் கண்ணைச் சுருக்கவேயில்லை.

"எப்பருந்து?" என்று கேட்டேன்.

"தெரியல. கொஞ்சங் கொஞ்சமாத்தான். நா லைட்டுதான்னு நெனச்சேன்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சத்தியமா லைட்டுதான்னு நெனச்சேன்."

"அப்பறம் எப்புடி ஓட்டுனீங்க?"

"வளைவெல்லாம் மனசுல இருக்கே. எந்தப் பிள்ள எங்க நிக்கும்னும் தெரியும். ரோடு மாறாதுல்ல."

ரோடு மாறாது. ரோட்டில் நடப்பவர்கள்? சாவியைக் கழற்றி என் கையில் வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்ததும் அவருக்கு வேகம் வந்துவிட்டது.

"அடுத்த லீவு வரைக்கும் ஓட்டுறேன். மெதுவா போறேன். வேன் வராட்டி பிள்ளைங்க எப்புடி போகும்?"

"வேன் வரும். நீங்க ஓட்ட மாட்டீங்க."

"இந்த வேலய விட்டா எனக்கு வேற என்னா தெரியும்?"

அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. வாசலில் நின்ற அண்ணி இறங்கி வந்து அவர் தோளைப் பிடித்து, "வா தம்பி, குளிருது, உள்ள வா" என்று கூட்டிப்போனார். நான் லைட்டை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு துருவித் துருவிப் பார்த்த எனக்கு, என் பக்கத்தில் படுத்து எழும்பும் மனுசனின் கண்ணைப் பார்க்கத் தோன்றவில்லையே என்று மனது அடித்துக்கொண்டது.

பக்கத்துத் தோட்டத்தில் லொறி ஓட்டிய ஒரு தம்பி அப்போது வேலையில்லாமல் இருந்தார். அடுத்த நாளிலிருந்து அவர் வேனை எடுத்தார். பிள்ளைகள் ஏறும் இடங்களைக் காட்டுவதற்கென்று என் வீட்டுக்காரர் இடது பக்கச் சீட்டில் ஏறிப் போனார். முதல் நாள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், பிரேக் இல்லாத இடத்தில் காலை அழுத்திக்கொண்டே போனாராம். பெற்றோரிடம் நடந்ததை அவரே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். நான் போனில் சொல்கிறேன் என்றதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

நுவரெலியாவில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை படர்ந்திருக்கிறது, எடுத்துவிட்டால் தெளிவாகிவிடும் என்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? கண்ணில் எந்த இடம் மங்குகிறது, மேலேயா உள்ளேயா, எதனால், எப்படி எடுப்பீர்கள், எடுத்த இடத்தில் என்ன வைப்பீர்கள் என்று கேட்டேன். டாக்டர் சிரித்துக்கொண்டே படம் வரைந்து காட்டினார். உள்ளே இருக்கும் வில்லையே மங்கிவிடுகிறது, தேய்த்தெல்லாம் எடுக்க முடியாது, அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைக்க வேண்டும் என்றார். வரும் வழியில் பஸ்ஸில் என் வீட்டுக்காரர், "கராஜ்ல சொன்னதத்தான் டாக்டரும் சொல்றாரு, புதுசுதான் போடணுமாம்" என்றார். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சிரித்தோம்.

முறை வந்ததும் முதலில் வலது கண்ணைச் செய்தார்கள். கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து, குனியக்கூடாது, தூசி படக்கூடாது. அண்ணி அவரை அடுப்பங்கரைப் பக்கமே விடவில்லை. கண்ணைக் கழுவலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய அடுத்த நாள் காலை, லொறி ஓட்டிய தம்பி வந்து வேனை ஸ்டார்ட் பண்ணி லைட்டைப் போட்டிருந்தார். நான் மெஷினில் இருந்தேன். என் வீட்டுக்காரர் பழக்க தோசத்தில் துணியை எடுத்துக்கொண்டு வேனுக்கு முன்னால் போனார். இடது லைட்டைத் துடைத்தார். வலது லைட்டுக்கு வந்தார். துணி நின்றுவிட்டது.

"இங்க பாரு," என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். "லைட்டுல என்னா இது, செவப்பா? எப்ப வந்திச்சி?"

நான் எழும்பி ஜன்னலுக்கு வந்தேன். அண்ணி வாசலில் நின்று, "நா வச்ச பொட்டு தம்பி. இவ லைட்டு தேச்சாளே, அன்னைக்கு வச்சது" என்றார்.

"அன்னைக்கா?"

"அன்னைக்குத்தான்."

அவர் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை நாள் காலையில் அந்த லைட்டை அவர் தன் கையால் துடைத்திருப்பார், துடைத்துவிட்டு ஏறிப் போய்ப் பிள்ளைகளை ஏற்றியிருப்பார். கீழே பீலிப் பக்கம் முதல் பிள்ளை வெள்ளைச் சீருடையில் ஏறி வருவது தெரிந்தது. அவரும் அதைப் பார்த்தார். பிறகு திரும்பி, துணியை நனைத்து, அந்தப் பொட்டை மட்டும் அழுத்தி அழுத்தித் துடைக்கத் தொடங்கினார். அது போகாது என்று நான் சொல்லவில்லை.